ஐந்து என்ன?

பெகு ரயிலடிக்குப் பின்னால்
மாரியம்மன் மண்டபத்துத் தகரக் கூரையில்
கணக்கு வழக்கில்லாமல் மழை.
எனக்கு இருபத்திரண்டு வயது.
ஆறு நாள் போன் கடையில் உடைந்த கண்ணாடி மாற்றுகிறேன்.
ஏழாம் நாள் நான் ஸயாமா.

பதினான்கு பிள்ளைகள்.
வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம்,
சண்டையில் இரண்டும்.

'ஐந்து' என்று பலகையில் எழுதினேன்.
பேச்சி கை தூக்கினாள்.
"ஐந்து என்ன?"
ஐந்துதான், என்றேன்.
"அதான், ஐந்து என்ன?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை.
இந்த ஊர்ப் பேச்சில்
எண் துணையில்லாமல் வாசல் தாண்டாது.
முட்டையென்றால் ஙா லோன்
ஆளென்றால் ஙா யௌக்
வாத்தென்றால் ஙா கௌங்
விடியலில் வரிசையாய் வரும் பிக்குகளென்றால்
குரலைத் தாழ்த்தி, ஙா பா.
எதையும் சாராத வெறும் ஐந்து
அவளுக்கு
சட்டை போடாமல் வகுப்புக்கு வந்த பிள்ளை.

அதிலும் அந்த ஙா!
அரிச்சுவடியில் நான் அதட்டி அதட்டிச் சொல்லித்தந்த எழுத்து.
இதில் தொடங்கும் சொல் எங்கே என்று கேட்டால்
நானே பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.
தமிழில் எந்தச் சொல்லுக்கும் முன்னே நில்லாதது
இங்கே மீனாகவும் ஐந்தாகவும்
இரண்டு வேலை பார்க்கிறது.

மோல்மேன் போகும் வண்டியில்
அம்மாவோடு காடை முட்டை விற்கிறாள் பேச்சி.
பொட்டலம் எழுநூறு.
மூன்று கேட்டு ஐயாயிரம் தாளை நீட்டினால்
வண்டி நகருமுன்
ஜன்னல் வழியே திரும்பிவரும்
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
அவளிடம்தான் கேட்கிறேன்,
மூவேழு எவ்வளவு?
சுவரில் பல்லியைப் பார்க்கிறாள்.

ரங்கூனில் ஆறு நாள் பயிற்சி எனக்கு.
முதலில் பொருள், அப்புறம் படம்,
அப்புறம் வெறும் எண்:
மூன்று படி, ஏறிவிடலாம் என்றார்கள்.
இவளோ முதல் படியிலேயே
கூடையை இறக்கிக் கடை விரித்துவிட்டாள்.

நடுவில் மூக்காண்டிக்கு ஒரு சந்தேகம்.
"எண்பதுக்கு அடுத்தது தொண்ணூறு.
நூறே இன்னும் வரலையே,
அதுக்குள்ள ஏன் நூறு நூறுங்குது?"
சாப்பாட்டு நேரம், என்றேன்.
பத்து நிமிடம் இருந்தது.

பிறகு கழித்தல்.
ஐந்திலிருந்து ஐந்து போனால்?
பள்ளிக்கூடத்தில் பழகியபடியே இருக்கட்டுமென்று
பர்மிய எண்ணில் எழுதினேன்.
முடிவில் ஒரு வட்டம்.
"ஒண்ணுமில்ல!" என்று கத்தியது வகுப்பு.
பேச்சி மட்டும் வட்டத்தை வாசித்தாள்:
"வ."

இங்கே பூச்சியத்துக்கும் அந்த எழுத்துக்கும் ஒரே முகம்.
எழுத்தாய்ப் படித்தால், வ:
வயிறு நிறைந்தது.

எழுத்தில்லைடி, எண்ணு, என்றேன்.
"அஞ்சு முட்டை இருந்துச்சு.
அஞ்சும் தின்னாச்சு.
வ."
தனக்கா அப்பிய கன்னம் உப்ப
வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

எந்த முட்டை?
"விக்காதது."

சரி போடுவதா, தப்புப் போடுவதா?
சுண்ணாம்புக்கட்டி கையில் ஈரமானது.
நான் கூடையின் பக்கம் நின்று கழித்திருந்தேன்.
அவள் வயிற்றின் பக்கம்.
அம்மாவின் சுருக்குப் பையில்
அன்றைக்கு என்ன இருந்திருக்கும்
என்று கேட்கவில்லை.
அதற்கும் அதே வட்டம்தான்.

மழைக்காலம் ஓய்ந்த ஒரு ஞாயிறு.
ஏழும் ஐந்தும்?
"பன்னிரண்டு"
எழுந்து நின்று சொல்லிவிட்டு
உட்கார்ந்துகொண்டாள்.
எல்லோரும் கை தட்டினார்கள், நானும்.
தட்டி முடித்தும்
அவளையே கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றேன்.
அவள் பென்சில் சீவத் தொடங்கியிருந்தாள்.

திங்கட்கிழமை கடையில்
முதலாளி செல்லையா தலை நிமிராமல் சொன்னார்,
"நாலு பாக்கி இருக்கு."

நாலு என்ன, என்றேன்.